ஒலிக்கும் ஓர் அளவு உண்டு

நீலகிரி என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன பசும்புல் மேடுகளும், தேயிலைத் தோட்டங்களும், மேகம் தவழும் முகடுகளும் ஆகும். கண்ணுக்கு விருந்தளிக்கும் அம்மலை காதுக்கும் விருந்தளிப்பது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் நோக்கி ஏறும் மலை இரயிலின் ஊதல் பள்ளத்தாக்குகளில் எதிரொலிக்கின்றது. சோலைகளில் சிள்வண்டுகள் இடைவிடாது இரைகின்றன. கோத்தர் வாழும் ஊர்களில் விழாக் காலங்களில் குழலும் பறையும் கொம்பும் முழங்குகின்றன. தோடர்கள் தம் எருமைகளின் பெயரையும் மந்துகளின் பெயரையும் அமைத்துப் பாடல் பாடுகின்றனர். இவ்வாறு வன்மையும் மென்மையுமாகிய பல்வேறு ஒலிகள் நிறைந்தது அம்மலை.

இவ்வொலிகளுள் சில, மிக அரியன. தோடர் மொழியைப் பேசுவோரும் கோத்தர் மொழியைப் பேசுவோரும் தொகையிற் சிலரே. இவ்விரு மொழிகளுக்கும் பழமையான எழுத்து இல்லை. ஆகவே அவற்றின் பாட்டும் கதையும் வழிவழியாக நாவிலும் செவியிலுமே வாழ்ந்து வந்துள்ளன. அழியும் நிலையிலுள்ள மொழிகளின் வரிசையில் இவ்விரண்டையும் யுனெஸ்கோ நிறுவனம் சேர்த்துள்ளது. ஒரு முதியவர் மறைந்தால், அவர் மட்டுமே அறிந்திருந்த பாடலும் அவரோடு மறைந்துபோகும்.

மறையும் அச்செல்வத்தைக் காக்க முற்பட்ட அறிஞர் சிலர் உண்டு. கனடா நாட்டிற் பிறந்த மரே எமனோ என்னும் மொழிநூலறிஞர் 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி, நீலகிரி மக்களின் மொழிகளைக் கற்றார். பாடுவோரின் அருகில் அமர்ந்து, செவியாற் கேட்டவற்றை ஒலிக்குறிகளால் எழுதினார். அவர் தொகுத்த தோடர் பாடல்கள் 1971ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. பின்னர் 1990களின் தொடக்கத்தில் ரிச்சர்டு உல்ஃப் என்னும் இசை ஆய்வாளர் கோத்தர்களிடையே தங்கி அவர்தம் இசையைப் பதிவு செய்து ஆராய்ந்தார். அவ்வாய்வின் பயனாக 2005இல் ஒரு நூலை வெளியிட்டார்.

அன்று அறிஞர்க்கு மட்டுமே கிட்டிய ஒலிப்பதிவுக் கருவி இன்று எல்லாருக்கும் எளிதிற் கிட்டுகின்றது. ஒரு கணிப்பொறியும் ஓர் ஒலிவாங்கியும் இருந்தால் பள்ளி மாணவரும் தம் பாட்டியின் தாலாட்டைப் பதிந்து வைக்கலாம். ஆனால் கருவி இருந்தால் மட்டும் போதாது. ஒலியின் அளவை முறையாக அமைக்கவும் தெரிந்திருத்தல் வேண்டும். அது தெரியாதவர் பதிந்த பாடல் கரகரப்பாகவோ, இரைச்சலில் மூழ்கியோ கெட்டுப்போகும். பாடியவர் மீண்டும் பாடும் நிலையில் இல்லாதபோது அக்கேட்டினைத் திருத்துவது எங்ஙனம்? ஆதலின் ஒலியளவை அமைக்கும் முறையை அனைவரும் அறிதல் நன்று.

முதலில் ஒலியின் இயல்பை நோக்குவோம். ஒரு பொருள் அதிரும்போது அதனைச் சூழ்ந்த காற்றும் அதிர்கின்றது. அவ்வதிர்வு அலையலையாகப் பரவி நம் செவிப்பறையைத் தாக்குகின்றது. அதிர்வு பெரிதாயின் ஒலி வலிதாகவும், சிறிதாயின் ஒலி மெலிதாகவும் கேட்கின்றது. இவ்வலிமையை அளக்கும் அலகு டெசிபல் எனப்படும். தொலைபேசியைக் கண்டறிந்த கிரகாம் பெல் என்பாரின் நினைவாக அமைந்த பெயர் அது. மனிதச் செவி உணரத்தக்க மிக மெல்லிய ஒலியை 0 டெசிபல் என்று கொண்டால், காதோடு காதாகப் பேசும் பேச்சு ஏறத்தாழ 30 டெசிபல். இயல்பான உரையாடல் ஏறத்தாழ 60 டெசிபல். காதில் வலியுண்டாக்கும் பேரொலி ஏறத்தாழ 120 டெசிபல்.

இவ்வளவையில் ஒரு நுட்பம் உண்டு. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகும். 20 டெசிபல் கூடினால் 100 மடங்காகும். 60 டெசிபல் கூடினாலோ 10 இலட்சம் மடங்காகும். நம் செவி இத்துணைப் பரந்த வேறுபாட்டையும் தாங்கிக் கேட்கும் வியத்தகு பொறியாகும். கணிப்பொறிக்கு அத்தகைய தாராளம் இல்லை. அதற்கு ஒரு மேல் எல்லையும் ஒரு கீழ் எல்லையும் உண்டு.

கணிப்பொறி ஒலியை எங்ஙனம் ஏற்கின்றது? ஒலிவாங்கி காற்றின் அதிர்வை மின்னோட்டத்தின் அதிர்வாக மாற்றுகின்றது. கணிப்பொறி அம்மின்னதிர்வை ஒரு நொடிக்கு 44,100 முறையோ 48,000 முறையோ அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகக் குறித்துக்கொள்கின்றது. 1982ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த இசைக் குறுந்தட்டில் ஒவ்வோர் அளவும் 16 இருமக் குறிகளால் எழுதப்பட்டது. 16 குறிகளைக் கொண்டு 65,536 படிகளைக் குறிக்கலாம். 24 குறிகளைக் கொண்டு 1,67,77,216 படிகளைக் குறிக்கலாம். படிகள் எத்துணைப் பலவாயினும் உச்சிப் படி ஒன்று இருந்தே தீரும். அவ்வுச்சியைக் கணிப்பொறி 0 என்று குறிக்கின்றது. மற்ற அளவுகளெல்லாம் அதற்குக் கீழாக, −6, −12, −20 என்று எதிர்க்குறி எண்களாக ஒலிமானியில் தோன்றும். முன்னர்க் கூறிய 0 செவியின் தொடக்க எல்லை; இந்த 0 பொறியின் முடிவு எல்லை. இரண்டையும் ஒன்றாகக் கருதி மயங்குதல் கூடாது.

இதனை ஓர் உவமையால் விளக்குவோம். 2,637 மீட்டர் உயரமுடைய தொட்டபெட்டா மலையை ஒருவன் தாளில் வரைகின்றான் என்று கொள்வோம். தாளின் உயரத்தைக் கருதாது மிகப் பெரிதாக வரையத் தொடங்கினால் முகடு தாளுக்குள் அடங்காது. தாளின் விளிம்போடு கோடு தட்டையாக நின்றுவிடும். கூம்பிய மலை மேசைபோற் காணப்படும். கணிப்பொறியில் ஒலி 0 என்னும் எல்லையைக் கடக்க முயலும்போது நிகழ்வதும் இதுவே. அலையின் முகடு வெட்டுண்டு தட்டையாகின்றது. பாடலில் இல்லாத கரகரப்பும் உடைசலும் அதனால் தோன்றுகின்றன. பின்னர் ஒலியைக் குறைத்துக் கேட்டாலும் அவ்வுடைசல் நீங்குவதில்லை. தாளைச் சுருக்கினால் வெட்டுண்ட முகடு மீண்டும் வளருமோ?

இனி, அவனே மலையை மிகச் சிறிதாக வரைகின்றான் என்று கொள்வோம். எழுதுகோலின் தடிப்பு அளவினதாக மலை அமைந்தால், அதன் சரிவுகளும் பிளவுகளும் கோட்டின் தடிப்பினுள் மறைந்துவிடும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கோட்டின் தடிப்புத்தான் பெரிதாகும். மறைந்த சரிவுகள் தோன்றமாட்டா. ஒலியை மிகத் தாழ்வாகப் பதிவதும் இத்தகையதே. ஒலிவாங்கியிலும் மின்சுற்றுகளிலும் இயல்பாகவே ஒரு மெல்லிய இரைச்சல் இருந்துகொண்டே இருக்கும். பாடலின் அளவு அவ்விரைச்சலுக்கு அருகில் தாழ்ந்திருந்தால், பின்னர் பாடலைப் பெருக்கும்போது இரைச்சலும் உடன் பெருகும். மேலும், 16 குறிப் பதிவில் உச்சிக்கு 60 டெசிபல் கீழே பதியப்படும் ஒலிக்கு 65,536 படிகளுள் ஏறத்தாழ 65 படிகளே பயன்படுகின்றன. நுண்மை அங்கே எவ்வாறு நிலைக்கும்?

எனவே மேலெல்லையைத் தொடாமலும், இரைச்சலில் மூழ்காமலும், இரண்டுக்கும் நடுவே ஒலியை நிறுத்துவதே முறை. இதற்குரிய வழி எளியது. முதலாவதாக, ஒலிவாங்கியைத் தக்க தொலைவில் வைத்தல் வேண்டும். திறந்த வெளியில் தொலைவு பாதியானால் ஒலியளவு 6 டெசிபல் கூடும். இரு மடங்கானால் 6 டெசிபல் குறையும். ஆகவே ஒலி தாழ்ந்திருப்பின், கணிப்பொறியின் அளவை உயர்த்துமுன் ஒலிவாங்கியை வாய்க்கு அருகிற் கொண்டுசெல்லுதல் சிறப்பு. அவ்வாறு செய்தால் பாடல் உயரும். அறையின் இரைச்சல் உயராது.

இரண்டாவதாக, பாடுவோரைப் பாடலின் மிக உரத்த பகுதியைப் பாடிக் காட்டச் செய்தல் வேண்டும். அப்போது திரையிலுள்ள ஒலிமானியைப் பார்த்து, அதன் உச்சங்கள் −12க்கும் −6க்கும் இடையே நிற்குமாறு பதிவளவை அமைத்தல் வேண்டும். மேலே எஞ்சும் இடைவெளி வீணன்று. பாடுவோர் உணர்ச்சி மிகுந்து குரலை உயர்த்தும்போது அவ்விடைவெளியே அவர்க்கு இடந்தரும். ஒலிமானியில் சிவப்பு நிறம் தோன்றினால் எல்லை தாண்டிவிட்டது என்பது பொருள். உடனே பதிவளவைத் தாழ்த்தல் வேண்டும்.

மூன்றாவதாக, ஒலியளவைத் தானே மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு கணிப்பொறியில் இருக்குமாயின் பாடலைப் பதியும்போது அதனை நிறுத்தி வைத்தல் நன்று. அவ்வேற்பாடு, பாடுவோர் மூச்சுவாங்க நிற்கும் இடத்தில் அளவைத் தானே உயர்த்தி, அறையின் இரைச்சலை மேலெழச் செய்யும்; அவர் உரக்கப் பாடும் இடத்தில் அளவைத் தாழ்த்தி, உணர்ச்சியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்திவிடும். உரையாடலுக்கு உதவுவது பாட்டுக்குப் பகையாதல் கூடும்.

நான்காவதாக, ஒரு நிமிடம் பதிந்து, ஹெட்போன் வழியாகக் கேட்டுப் பார்த்த பின்னரே முழுப் பாடலையும் பதிதல் வேண்டும். கண் ஒலிமானியைக் காணும். ஆயினும் தகரக் கூரையின்மீது விழும் மழையின் ஓசையையும், தேயிலைத் தொழிற்சாலையின் பொறியோசையையும், ஒலிவாங்கியின்மீது மோதும் மலைக்காற்றின் உறுமலையும் காதே கண்டறியும். காற்று வீசும் இடத்தில் ஒலிவாங்கிக்குப் பஞ்சுறை அணிவித்தல் இன்றியமையாதது.

இம்முறை நீலகிரியில் எத்துணைத் தேவையானது என்பதற்குக் கோத்தர் இசையே சான்று. அவர்கள் ஊதும் 'கொள்' என்னும் குழல் நாகசுர இனத்தைச் சேர்ந்தது. அதன் ஒலி மன்றம் முழுவதும் கணீரென்று கேட்கும். அதனுடன் பறைகளும் கொம்பும் சேர்ந்து முழங்கும். பறையின் அடி ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் உச்சியைத் தொட்டு இறங்கிவிடும். அத்தகைய இசைக்கு அமைத்த அளவிலேயே ஒரு மூதாட்டியின் தாலாட்டைப் பதிந்தால் அது கேட்பாரின்றி அடியிற் கிடக்கும். தாலாட்டுக்கு அமைத்த அளவிலே குழலையும் பறையையும் பதிந்தாலோ முகடுகளெல்லாம் வெட்டுண்டு போகும். ஒவ்வோர் இசைக்கும் அதற்குரிய அளவைப் புதிதாக அமைத்தலே அறிவுடைமை.

தோடர் மொழி மற்றொரு சான்று. அம்மொழியில் ரகர இனத்து ஒலிகள் மூவகை உள்ளன. சகர இனத்து ஒலிகளும் பல. லகர ளகரங்களுக்கு இணையாக, குரல்நாண் அதிராமல் மூச்சுக்காற்றால் மட்டுமே எழும் ஒலிகளும் உண்டு. பீட்டர் லாடெஃபோகட், பெரி பாஸ்கரராவ் முதலிய ஒலிநூலறிஞர்கள் இவற்றைக் கருவிகொண்டு ஆராய்ந்து 1993ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மூச்சொலியாகிய இவ்வெழுத்தொலிகள் இயல்பிலேயே மெலியன. பதிவு தாழ்ந்தால் இவை இரைச்சலோடு இரைச்சலாய்க் கலந்துவிடும். பதிவு மிகுந்து உடைந்தால், உடைசலின் கரகரப்பு எது, மொழியின் சகர ஒலி எது என்று பிரித்தறிதல் அரிதாகும். ஓர் ஒலி மாறினால் சொல் மாறும். சொல் மாறினால் பொருள் மாறும். ஒலியளவில் நேர்ந்த சிறு பிழை ஒரு மொழியின் இலக்கணத்தையே மறைத்துவிடுதல் கூடும்.

பதியும் அளவு வேறு, கேட்கும் அளவு வேறு என்பதையும் நாம் மறத்தலாகாது. பதியும் அளவு ஒலிவாங்கியிலிருந்து கணிப்பொறிக்குள் செல்வது. கேட்கும் அளவு கணிப்பொறியிலிருந்து ஒலிபெருக்கிக்குச் செல்வது. கேட்கும் அளவு தாழ்ந்திருப்பதை அறியாமல், பதிவுதான் தாழ்ந்தது என்று கருதிப் பதியும் அளவை ஏற்றிக் கெடுப்பவர் பலர். அவர்கள் ஒலிமானியை நோக்கியிருந்தால் இப்பிழை நேராது.

கேட்கும் வழியிலும் திருகுகள் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று உள்ளன. பாட்டை இசைக்கும் நிரலில் ஒன்று. கணிப்பொறியின் பொது அளவு மற்றொன்று. ஒலிபெருக்கியில் உள்ளது மூன்றாவது. தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயில் மூன்று அடைப்புகள் இருப்பது போன்றது இது. முதல் இரண்டையும் மிகத் தாழ்த்தி, இறுதித் திருகை முழுமையும் ஏற்றினால், மின்சுற்றின் இரைச்சலே பெரிதாகக் கேட்கும். முதல் திருகை இயல்பான முழு அளவுக்கு மேல் மிகையாக ஏற்றினால் ஒலி அங்கேயே உடைந்துவிடும். இறுதியில் குறைத்துப் பயனில்லை. எனவே முதல் இரண்டையும் முழு அளவுக்குச் சற்றே தாழ நிறுத்தி, கேட்பதற்கு வேண்டிய ஏற்றக் குறைவை இறுதித் திருகினாற் செய்வது சிறந்தது. கேட்கத் தொடங்கும்போது அதனைத் தாழ்வாக வைத்துப் பின்னர்ச் சிறிது சிறிதாக உயர்த்துதல் செவிக்கும் கருவிக்கும் நலம்.

இவ்வுண்மை இசைக்கு மட்டும் உரியதன்று. உதகைக்கு அருகில் முத்தோரையில் ஒரு மாபெரும் வானொலித் தொலைநோக்கி உள்ளது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்த கோவிந்த் சுவரூப் என்னும் அறிஞரின் தலைமையில் உருவாகி, 1970ஆம் ஆண்டில் அது பணி தொடங்கியது. அதன் நீளம் 530 மீட்டர். அகலம் 30 மீட்டர். அது நிற்கும் மலைச்சரிவு ஏறத்தாழ 11 பாகை சாய்வுடையது. அச்சாய்வு அவ்விடத்தின் அகலாங்குக்கு ஒத்திருப்பதால், தொலைநோக்கியின் அச்சு நிலவுலகின் சுழல் அச்சுக்கு இணையாக அமைந்தது. விண்மீன் கூட்டங்களிலிருந்து வரும் வானொலி அலைகளை அது வாங்குகின்றது. அவ்வலைகள் காதுக்குக் கேட்கும் ஒலி அல்ல. எனினும் அவையும் மின்னதிர்வாகி, பெருக்கப்பட்டு, எண்களாக மாற்றப்படுகின்றன. அங்கும் அளவு தாழ்ந்தால் விண்மீன் கூட்டத்தின் செய்தி இரைச்சலில் மறையும். அளவு மிகுந்தால் எண்களின் எல்லையை முட்டிச் சிதையும். கோடிக்கணக்கான ஆண்டுகள் கடந்து வந்த அலையைப் பதிவோரும், பக்கத்து வீட்டு முதியவரின் பாடலைப் பதிவோரும் காக்கவேண்டிய விதி ஒன்றே அன்றோ?

இறுதியாக நம் செவியைக் குறித்தும் சில சொற்கள் சொல்லவேண்டும். உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர் உயிரணுக்கள் உள்ளன. அவை பேரொலியால் அழிந்தால் மனிதர்க்கு மீண்டும் முளைப்பதில்லை. உலக நலவாழ்வு நிறுவனம் 2018ஆம் ஆண்டில் ஒரு வரையறை கூறியது. வளர்ந்தோர் ஒரு வாரத்தில் 80 டெசிபல் அளவில் 40 மணி நேரம் கேட்கலாம். சிறுவர்க்கு அவ்வளவு 75 டெசிபல். ஒலி 3 டெசிபல் உயருந்தோறும் கேட்கும் நேரம் பாதியாதல் வேண்டும். எனவே 83 டெசிபலில் 20 மணியும், 86 டெசிபலில் 10 மணியும், 89 டெசிபலில் 5 மணியுமே வளர்ந்தோர்க்குத் தகும். ஹெட்போனைக் காதில் வைத்துத் திருகை முழுமையும் ஏற்றிக் கேட்கும் இளைஞர் இக்கணக்கை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பதிவு கெட்டால் ஒரு பாடலை இழப்போம். செவி கெட்டால் எல்லாப் பாடல்களையும் இழப்போம்.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது நம் முன்னோர் மொழி. அளவுக்குக் குறைந்தால் அமுதமும் பயன்படாது என்பதையும் அதனோடு சேர்த்துக் கொள்ளலாம். மாணவர்களே! உங்கள் ஊரிலும் முதியவர்களின் நாவில் மட்டும் வாழும் பாடல்களும் கதைகளும் உண்டு. விடுமுறை நாளில் அவர்கள்பால் பணிவோடு சென்று, அவர்தம் இசைவு பெற்று, அளவறிந்து பதிந்து வையுங்கள். இன்று நீங்கள் பதியும் ஒலி, நாளை பிறக்கும் குழந்தை தன் முன்னோரின் குரலைத் தெளிவாகக் கேட்க உதவும்.

பயிற்சி

1. ஒலியின் அளவு மிகுந்தால் பதிவில் நேரும் கேடு யாது? தொட்டபெட்டா உவமையைக் கொண்டு விளக்குக.
2. பதிவுக்கு முன் செய்யவேண்டியவற்றை முறையே எழுதுக.
3. பதியும் அளவுக்கும் கேட்கும் அளவுக்கும் உள்ள வேறுபாடு என்ன?
4. தோடர் மொழியைப் பதிவதில் ஒலியளவு ஏன் இன்றியமையாதது?
5. 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி கேட்கலாமெனின், 92 டெசிபல் அளவில் எத்துணை நேரம் கேட்கலாம்? கணக்கிடுக.
6. உங்கள் ஊர் முதியவர் ஒருவரின் பாடலையோ கதையையோ பதிந்து, அதனைப் பற்றி ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.